அட்டையின் மேல் ஒட்டிய சீட்டு

தொலைக்காட்சிக் குற்றத்தொடர்களில் வரும் காவலர்கள் எதைத் தொட்டாலும் கையுறை அணிந்தே தொடுகிறார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் காவல் துறையில் பணியாற்றிய என்னிடம் ஒரே ஓர் இணைக் கையுறைதான் இருந்தது. அதுவும் சனவரி மாத உறைபனிக்காக என் மனைவி கம்பளி நூலில் பின்னித் தந்தது. இந்த வேறுபாட்டை நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிப் பழகியிருந்தேன். சென்ற கோடைக்குப் பிறகு அவ்வாறு சொல்ல வாய் வரவில்லை.

கோடையில் குன்னூரிலுள்ள என் வீட்டுக்கு நித்யா என்னும் இளம் இயக்குநர் வந்தார். குற்றத்தொடர் ஒன்றை இம்மலையிலேயே படமாக்கும் ஏற்பாட்டில் இருந்தார். பழைய படக்கதை நூல்களைத் திரட்டி வைத்திருந்த ஒருவர் தம் மாளிகையில் கொலையுண்டு கிடக்கிறார். திரட்டிலிருந்த ஓர் இதழின் முதல் வெளியீடு மட்டும் காணாமற்போகிறது. இதுவே கதை. காவல் நிலைய நடைமுறைகளில் பிழை நேராதவாறு பார்த்துச் சொல்ல ஓய்வுபெற்றவர் ஒருவர் வேண்டுமென்று தேடியபோது யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

“படக்கதை நூலுக்காக ஒருவரைக் கொல்வார்களா, அம்மா?” என்று கேட்டேன்.

“சார், இப்ப எந்த க்ரைம் சீரிஸ எடுத்தாலும் ஒரு காமிக்ஸ் எபிசோட் இருக்கும் சார். கல்யாணத்துல பாயசம் மாதிரி. இல்லேன்னா கேப்பாங்க.”

ஒரு பொறுப்பை ஏற்றால் அதைக் கற்ற பின்னரே வாய் திறப்பது என் வழக்கம். மூன்று வாரம் அமர்ந்து, உள்நாட்டுத் தொடர்களும் அயல்நாட்டுத் தொடர்களுமாக அத்தகைய கதைகளைத் தேடிப் பார்த்தேன். அவற்றில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. நூல் திரட்டுபவர் எப்போதும் தனியர். அவருடைய அலமாரியில் ஒவ்வொரு நூலும் ஒளி ஊடுருவும் உறைக்குள் நிற்கும். கண்ணாடி அணிந்த வல்லுநர் ஒருவர் வந்து நூலின் மதிப்பைச் சொல்வார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த துப்பறிவாளர் நிமிர்ந்து நிற்பார். இறுதிக் காட்சியில் எவரேனும் அந்நூலின் அருகே தீயைக் கொண்டுசெல்வார். மனிதனின் நெற்றியில் துப்பாக்கியை வைத்தபோது அசையாதவர்கள் எல்லோரும் அப்போது அலறுவார்கள். தாளுக்கு நேரும் சிறு மடிப்பைக்கூடத் தாங்காத அந்த உலகத்தை நான் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். ஒன்றை மட்டும் எத்தொடரிலும் காணவில்லை: நூலைக் கெடுப்பவர் காவலராக இருப்பதை.

நித்யா மீண்டும் வந்தபோது திரைக்கதையை வரிவரியாகப் படித்தோம். நூலைக் கைப்பற்றும் காட்சி வந்தது.

“கைப்பற்றிய பொருளின் மேல் சீட்டு ஒட்ட வேண்டும். குற்ற எண், நாள், இடம், இரு சாட்சிகளின் கையொப்பம், ஆய்வாளரின் கையொப்பம். அதன்மேல் அரக்கு முத்திரை” என்றேன்.

“எது மேல சார்? ஒரு கவர்ல போட்டு, கவர் மேலதானே?”

“நூலின் அட்டைமேல்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “முதல் இஷ்யூ அட்டை மேலயா? பசையப் போட்டா? அதோட அந்த புக் செத்துச்சு சார். எந்தப் பைத்தியக்காரன் சார் அப்படி ஒட்டுவான்?”

தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் சென்ற பிறகு என்னால் ஓரிடத்தில் அமர முடியவில்லை. கடைவீதிக்கு எதையோ வாங்கப் போய் எதையும் வாங்காமல் திரும்பினேன். மறுநாளும் அவ்வாறே. வாரம் ஒன்று கழிந்ததும் என் மனைவி, “எதைத் தேடுகிறீர்கள் என்று சொன்னால் நானும் தேடுவேன்” என்றாள். அவளிடமும் சொல்லவில்லை. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

என் தொடக்க ஆண்டுகளில் சொல்லத்தக்கது சிறிதே. பயிற்சி முடிந்து குந்தா மின்நிலையத்தின் வாயிலில் துப்பாக்கியுடன் ஓராண்டு நின்றேன். அங்கு வருகைப் பதிவேட்டில் நான் எழுதியிருந்ததைப் பார்த்த அதிகாரி ஒருவர், “இந்தக் கையெழுத்துக்காரனை வெயிலில் நிறுத்தாதீர்கள்” என்று நிலைய எழுத்தராக அமர்த்தினார். காவல் நிலையத்தில் எழுத்தரை ‘ரைட்டர்’ என்றே அழைப்பர். முதல் தகவல் அறிக்கை, மகஜர் என வழங்கும் கைப்பற்றுப் பதிவு, நீதிமன்றத்துக்குச் செல்லும் பொருட்பட்டியல் எல்லாம் அவர் கையால் எழுதப்படும். பதவிகள் உயர்ந்தன, நாற்காலி மாறவில்லை. நான் பணியாற்றிய நிலையத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை.

பணிக்காலத்தின் பிற்பகுதியில் தணிகாசலம் என்பவர் ஆய்வாளராக வந்தார். பெருந்துறைப் பக்கத்துக்காரர், குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் இரு வழக்கங்கள் இருந்தன. முறையிட வந்தவர் நின்றால் தாமும் நிற்பார். எந்த வினாவையும் இருமுறை கேட்பார், அதே சொற்களில், அதே குரலில். விடைகள் இரண்டும் ஒன்றாக இருந்தால் குறித்துக்கொள்வார். வேறுபட்டால் அங்கிருந்து தொடங்குவார். திருடர்கள் அவருடைய அடியைவிட அந்த இரண்டாம் வினாவுக்கே அஞ்சினார்கள்.

அவர் வந்த முதல் மழைக்காலத்தில் சந்தனக்கட்டை வழக்கு ஒன்று விசாரணைக்கு வந்தது. நீதிமன்றத்தில் கட்டைகளை எடுத்து வைத்தபோது, நான் ஒட்டிய சீட்டு ஈரத்தில் பசை இளகித் தரையில் விழுந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைச் சுட்டிக்காட்டி, “கைப்பற்றியது இந்தக் கட்டையைத்தானா?” என்று கேட்டார். குற்றவாளிகள் விடுதலையாகி எங்களுக்கு முன்பாகவே படியிறங்கிப் போனார்கள். தணிகாசலம் தரையிலிருந்து சீட்டை எடுத்து, தூசு தட்டி, என் கையில் தந்தார்.

“ரைட்டர், இது உங்களுதுங்க போல.”

அன்று முதல் என் பசையை நானே காய்ச்சினேன். மைதா மாவு, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம், இறுக்கத்துக்குச் சிறிது படிகாரம். பித்தளைச் செம்பில் அதைக் கிண்டும்போது எழும் நாற்றத்துக்காக என் மனைவி அடுக்களையை விட்டே வெளியேறுவாள். அந்தப் பசையால் ஒட்டிய சீட்டைப் பிரிக்க வேண்டுமானால் பொருளையும் சேர்த்துக் கிழிக்க வேண்டும். அடுத்திருந்த நிலையங்களிலிருந்து செம்போடு வந்து வாங்கிச் சென்றார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

இனிச் செல்லையாவைப் பற்றி. தேயிலைத் தோட்டத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் பிரிவில் வேலை பார்த்தவர். சிறுவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் கப்பலேறி வந்தவர். ஒரு திங்கட்கிழமை முற்பகலில் நிலையத்துக்கு வந்து, தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டிலிருந்த தகரப்பெட்டி களவு போனதாகச் சொன்னார். உள்ளே இருந்தவை படக்கதை நூல்கள் என்றதும் குமரேசன் என்னும் காவலர் சிரித்துவிட்டார்.

“பொம்மப் பொஸ்தகத்துக்கு எஃப்.ஐ.ஆருங்களா? ஊட்டுக்காரம்மா அடுப்பெரிச்சிருப்பாங்க, போய்ப் பாருங்க.”

“அவ செத்து நாலு வருசமாச்சுங்க” என்றார் செல்லையா.

சிரிப்பு நின்றது. தணிகாசலம் தம் அறையிலிருந்து வந்து அவர் எதிரே நின்றார்.

“பெட்டியில என்னங்க இருந்துச்சு?”

“அறுபத்து மூணு காமிக்ஸுங்க. அதுல ஒண்ணு மொத நம்பரு.”

“பெட்டியில என்னங்க இருந்துச்சு?”

செல்லையா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். “எங்கப்பா பெரட்டுல பேர் குடுத்து, வேல முடிச்சு, பதுளை டவுனுக்கு நடந்து போயி வாங்கியாந்து தருவாருங்க. கப்பல்ல வர்றப்ப துணிமணிய எறக்கிப்புட்டு இதத்தான் அடுக்குனேன். அம்மா அந்தப் போடு போட்டுச்சு. எனக்கு இன்னும் ரெண்டு வருசத்துல சர்வீஸு முடியுதுங்கய்யா. லயத்த விட்டுக் கெளம்பச் சொல்லிருவாங்க. கோயமுத்தூர்க்காரரு ஒருத்தரு மொத நம்பர பாக்க ஞாயித்துக்கெழம வர்றேன்னாரு. அது வெலை போச்சுன்னா ஒரு மனைக்கு அட்வான்ஸு குடுத்துருவேன். சொந்தமா ஒரு கூரை. அதாங்க பெட்டியில இருந்துச்சு.”

தணிகாசலம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அறிக்கை எழுதினேன்.

களவைக் கண்டுபிடித்த விதத்தை நித்யாவின் தொடரில் சேர்க்க முடியாது, எவரும் நம்பமாட்டார்கள். நான்காம் நாள் மாலைத் தேநீருக்குக் குமரேசன் வர்க்கிப் பலகாரம் வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்தவர் வர்க்கியை விட்டுவிட்டுத் தாளையே படித்துக்கொண்டிருந்தார். பச்சைக் கோட்டு அணிந்த ஒற்றைக்கண் துப்பறிவாளன் ஒருவன் அதில் பாலத்தின்மேல் ஓடிக்கொண்டிருந்தான். தணிகாசலம் அந்தத் தாளை வாங்கி, நெய்க்கறையைப் பார்த்து, “எந்தக் கடைங்க?” என்றார். இரண்டாம் முறை கேட்கவில்லை; அதற்குள் தொப்பியை அணிந்துவிட்டார்.

நகையென்று எண்ணிப் பெட்டியைத் தூக்கியவன் செல்லையாவின் லயத்திலேயே குடியிருந்த தற்காலிகத் தொழிலாளி. ஏமாந்துபோய் எல்லாவற்றையும் வர்க்கிக் கடையில் எடைக்குப் போட்டிருந்தான். இருபத்திரண்டு நூல்கள் அதற்குள் பொட்டலமாகிவிட்டன. முதல் வெளியீடு முழுதாக இருந்தது. கடைக்காரர் அதைத் தம் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தயங்கித் தயங்கி நீட்டினார்.

“நாந்தான் படிச்சிட்டிருந்தனுங்க. கதை பாதியில நிக்குது. அதான் கிழிக்கலீங்க.”

அடையாளம் காட்ட உடன் அழைத்துவந்திருந்த செல்லையா அந்த நூலை இரு கைகளாலும் வாங்கி முகர்ந்து பார்த்தார். மஞ்சள் வானம், பச்சைக் கோட்டு, பாலம். நாற்பதாண்டுக்கும் மேற்பட்ட அட்டையில் ஒரு கீறல் இல்லை. அவர் முகத்தை நான் பார்த்தேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். பார்த்துவிட்டுத்தான் பசைச் செம்பைத் திறந்தேன்.

சாட்சிகள் கையொப்பமிட்டார்கள். என் வழக்கப்படி அழகாக எழுதிய சீட்டின் பின்புறத்தில் பசையைத் தடவினேன். செல்லையா அருகில் வந்தார்.

“ஐயா, அட்டை மேல வேணாங்க. பின்னால ஒட்டுங்களேன்.”

“பொருளைப் பார்த்தவுடன் சீட்டும் தெரிய வேண்டும். நடைமுறை அதுதான்” என்றேன்.

தணிகாசலம் திரும்பினார். “ரைட்டர், அட்டை மேலதான் ஒட்டணுங்களா?”

“ஆம், ஐயா.”

“ரைட்டர், அட்டை மேலதான் ஒட்டணுங்களா?”

“ஆம், ஐயா.”

இரண்டு விடைகளும் ஒன்றாகவே இருந்தன. அவர் கையொப்பமிட்டார். நூலை உறையிலிட்டு உறையின்மேல் சீட்டு ஒட்டுவதற்கு எந்த விதியும் தடையில்லை. என் பையில் நான்கு உறைகள் இருந்தன. சந்தனக்கட்டைச் சீட்டு தரையில் விழுந்த ஓசை என் காதில் இருந்தது, அவற்றை எடுக்கவில்லை. துப்பறிவாளனின் முகத்தின்மேல் சீட்டை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, நான்கு மூலைகளிலும் விரலோட்டினேன்.

வழக்கில் வென்றோம். சீட்டுகள் குலையாமல் இருந்ததை நீதிபதி பாராட்டினார். பணிப்பதிவேட்டில் எனக்கு நற்சான்று ஏறியது. ஓராண்டுக்குப் பின் நூல்களைப் பெற்றுக்கொள்ள வந்த செல்லையா, சீட்டை எடுத்துத் தர இயலுமா என்று கேட்டார். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை கைவைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் விதிதான். அதன்பின் அவரை நான் காணவில்லை. காண முயலவும் இல்லை.

நித்யா ‘பைத்தியக்காரன்’ என்னும் அந்தச் சொல்லைச் சொன்ன பத்தாம் நாள் புறப்பட்டேன். செல்லையா தேவர்சோலையில் மகள் வீட்டில் இருப்பதாக அறிந்து, உதகையில் ஒரு பேருந்தும் கூடலூரில் ஒரு பேருந்தும் மாறினேன். பைக்காரா கடந்து நடுவட்டத்து வளைவுகளில் வண்டி இறங்கும்போது, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் திருத்திக்கொண்டே சென்றேன். வீட்டின் பின்புறம் தேயிலைச் செடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தவர் கத்தியுடன் நிமிர்ந்தார்.

“ரைட்டர் ஐயாங்களா? என்னங்க, கேஸு திரும்பி வந்துருச்சா?”

“இல்லை. நான்தான் வந்தேன். அந்த முதல் வெளியீடு…”

அவர் உள்ளே சென்று ரொட்டி உறையில் சுற்றிய நூலைக் கொண்டுவந்தார். மஞ்சள் வானத்தில் என் பசையின் பச்சைக் கறை பரவியிருந்தது. கெண்டியின் ஆவியில் காட்டிச் சீட்டைப் பிரிக்க முயன்றிருக்கிறார்; பாதிச் சீட்டோடு துப்பறிவாளனின் தொப்பியும் நெற்றியும் போயிருந்தன. எஞ்சிய பாதியில் குற்ற எண் தெளிவாக இருந்தது.

“ஒங்க கையெழுத்துக்கு மட்டும் ஒண்ணும் ஆவலீங்க” என்றார்.

“கோவைக்காரர்?”

“வந்தாரு. பாத்தாரு. டீய அப்படியே வச்சிட்டு எந்திருச்சுப் போயிட்டாரு. சர்வீஸு முடிஞ்சு லயத்த ஒப்படைச்சிட்டு இங்க வந்துட்டேன். மருமவன் நல்ல ஆளு. ஆனா மக வூடு மக வூடுதானுங்களே.”

சீட்டு ஒட்டிய அன்றே உறை என் பையில் இருந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். பேருந்தில் திருத்திய சொற்றொடர்களில் ஒன்றுகூட வரவில்லை. அவர் கத்தியின் முனையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“இத்தன வருசமில்லாம இப்ப ஏன் வந்தீங்க?”

தொடரைப் பற்றி விளக்கினேன்.

“அதுல அந்தப் போலீசு எங்க ஒட்டுறாரு?”

“இன்னும் முடிவாகவில்லை. நான் சொல்வதைப் பொறுத்தது.”

“அட்டையிலயே ஒட்டச் சொல்லுங்க. பின்னால ஒட்டுனா, நடந்தது நடக்காத மாதிரி ஆயிரும். ஆனா பக்கத்துல ஒரு ஆளு வேணாம்னு சொல்லணும். அது எல்லாருக்கும் கேக்கணும்.” பிறகு, “நானும் வந்து பாக்கலாங்களா?” என்றார்.

குன்னூர் திரும்பி, அந்தப் பைத்தியக்காரன் நான்தான் என்று நித்யாவிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்து, “ஐயோ சார்… சாரி சார்” என்றார். காட்சியைத் திருத்தி எழுதினோம். எழுத்தராக நடித்தவரின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்ததால், அண்மைக் காட்சிக்கு என் கையையே கேட்டார். காக்கிச் சட்டையின் கையை மட்டும் அணிந்து மேசைமுன் அமர்ந்தேன். கோவையில் அச்சிட்டுக் கொண்டுவந்த போலி நூல் எதிரே இருந்தது: மஞ்சள் வானம், பச்சைக் கோட்டு, பாலம். பசையை வீட்டிலேயே காய்ச்சி எடுத்துச் சென்றிருந்தேன். செல்லையா சால்வை போர்த்தி ஒளிப்பதிவாளருக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தார்.

அருகில் நின்று வேண்டாமென்னும் நடிகர் சொன்னார்: “ஐயா, அட்டை மேல வேணாங்க. பின்னால ஒட்டுங்களேன்.”

என் கை நூலைப் பின்புறம் திருப்பியது.

“கட்” என்றார் நித்யா. “சார், முன்னாடி சார்.”

மீண்டும் நடிகர் சொன்னார். மீண்டும் கை திருப்பியது. நான்காம் முறை ஒளிப்பதிவாளர், “சார் கை நல்லாதான் நடிக்குது மேடம், ஆனா அது வேற ஸ்கிரிப்ட் படிச்சிருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பசை தூரிகையிலேயே உலரத் தொடங்கியது.

ஆறாம் முறைக்கு முன் செல்லையா எழுந்து வந்தார். எவரிடமும் கேட்கவில்லை. நூலை நேராகத் திருப்பி வைத்து, அசையாதிருக்க அதன் ஓரத்தை இரு விரல்களால் அழுத்திக்கொண்டார்.

“ஒட்டுங்கய்யா. இது டூப்புத்தானுங்களே.”

ஒட்டினேன். நான்கு மூலைகளிலும் விரலோட்டும்வரை அவர் கையை எடுக்கவில்லை. ஆகவே அந்தக் காட்சியில் காக்கி அணிந்த என் கையோடு, தேயிலைக் கறை ஏறிய இரு விரல்களும் பதிந்துவிட்டன. அவற்றைச் சட்டகத்திலிருந்து நீக்கிவிடலாமா என்று நித்யா கேட்டார். வேண்டாம் என்றேன். படத்தொகுப்பின்போது தொலைபேசியில் அழைத்து மறுபடியும் கேட்டார்.

இரண்டாம் முறையும் வேண்டாம் என்றேன்.